கேமராவைத் திட்டிய பெண்: சில ஆவணப்படங்களை முன்வைத்து

1

ஆவணப்படம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, 'என்ன பிரச்சினையைப் பத்தின படம்?' என்பதுதான். அணை, அணு உலை, மதக் கலவரம், குழந்தைத் தொழிலாளர் என்று பதில் சொன்னால் போதும், திருப்தியாகிவிடுவார்கள். பிரச்சினை பெரிதென்றால் படமும் பெரிது. இந்தக் கணக்கில் ஒரு படம் ஏன் நல்ல படம், இன்னொன்று ஏன் மோசமான படம் என்று பேச இடமே கிடையாது. பேசினால், 'இந்த விஷயத்த எடுத்ததே பெரிசு, இதுல போய் அழகியல் பேசிக்கிட்டு' என்று வாயை அடைத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம் பிலிம் சொசைட்டி வழியாக வந்த நண்பர்கள். இவர்களுக்கு ஆவணப்படம் என்பது சினிமாவுக்கு ஒரு படி கீழே. ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக்' (1922), வெர்தோவின் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' (1929) என்று இரண்டு பெயர்களை மரியாதையோடு உச்சரித்துவிட்டுத் தார்க்கோவ்ஸ்கிக்குப் போய்விடுவார்கள்.

இரு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. படத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? கேமராவுக்கு முன்னால் நிற்பவருக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்கிறதா? என்னிடம் பார்க்க வேண்டிய ஆவணப்படங்களின் பட்டியல் கேட்கும் தோழர்களுக்கு இந்தக் கேள்வியை ஒரு சல்லடையாக வைத்துத்தான் பதில் சொல்லி வருகிறேன். இங்கேயும் அப்படித்தான். இது முழுமையான பட்டியல் இல்லை. ஏழெட்டுப் படங்கள் மட்டும். ஒவ்வொன்றும் ஏன் என்பதற்குக் காரணத்தோடு.

'சர்க்கார் படம்' என்று நம் ஊர்த் தியேட்டர்களில் சொல்லப்பட்டதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1948இல் ஏற்படுத்தப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் விதி இருந்தது. தியேட்டர்காரர்கள் அதற்குப் பணமும் கட்ட வேண்டும். ஜனங்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி குடித்தார்கள். அதை நான் ஒருவகை விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தப் படங்களில் ஒரு குரல் இருக்கும். அதற்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது, சாதி கிடையாது என்பதுபோல ஒரு பாவனை. வயலில் நாற்று நடும் பெண் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்பதைக் குரல் சொல்லும். அவர் வாய் திறந்தால்கூடச் சத்தம் வராது, பின்னணியில் சிதார்தான் கேட்கும். தேசம் பேசும்போது குடிமகன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இது.

அந்த நிறுவனத்துக்குள்ளேயே இந்த ஏற்பாடு குலைந்த நேரங்களும் உண்டு. எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967) அப்படியான ஒரு குலைவு. 1947 ஆகஸ்ட் 15இல் பிறந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து, இருபது வயதில் இந்தத் தேசத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நம்பிக்கை, சலிப்பு, கிண்டல் எல்லாம் அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. அவற்றைச் சமன் செய்து முடித்துவைக்க மேலே ஒரு குரல் இல்லை. அரசுப் பணத்தில் எடுத்த படம் என்று ஒதுக்கிவிடாமல் பாருங்கள். சின்னப் படம்தான்.

இதற்கு நேர்மாறாக, அரசை எதிர்த்து எடுக்கப்பட்ட பல படங்களில் அதே பிலிம்ஸ் டிவிஷன் குரல் குடியேறியிருப்பதையும் பார்க்கிறோம். 'அணை நல்லது' என்பது போய் 'அணை கெட்டது' என்று வந்திருக்கும். குரலின் தோரணை மாறியிருக்காது. ஆதிவாசி அப்போதும் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார். என்ன நினைக்கிறார் என்பதை அப்போதும் நமக்கு வேறொருவர்தான் சொல்லுவார்.

2

ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய்: நம் நகரம்' (1985) பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நடைபாதைகளிலும் குடிசைகளிலும் வாழ்கிறவர்களின் வீடுகளை மாநகராட்சி இடித்துத் தள்ளுவதைப் பற்றிய படம். அதே 1985இல்தான் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. சொல்லிவிட்டு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் இரண்டு முகங்களும் இந்தப் படத்தில் மனிதர்களாக நடமாடுகின்றன. வசதியான வீடுகளில் இருப்பவர்கள் நகரத்தின் அழகைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அந்த அழகைக் கட்டிக்கொடுத்தவர்கள் மழையில் நிற்கிறார்கள்.

ஆனால் நான் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் வேறு. வீடு இடிபட்ட ஒரு பெண் கேமராவைப் பார்த்துத் திட்டுகிறார். ஏழைகளைப் படம்பிடித்துக்கொண்டு போய் நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு அதனால் என்ன வரப்போகிறது என்கிற தொனியில் நேருக்கு நேராகக் கேட்கிறார். எந்த எடிட்டரும் முதலில் வெட்டியெறியக்கூடிய ஷாட் அது. பட்வர்தன் வெட்டவில்லை. படத்துக்குள்ளேயே படத்தின் மீதான குற்றச்சாட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. அந்த ஷாட்டை வைத்திருப்பதாலேயே இயக்குநர் தப்பித்துவிட்டார் என்று ஆகாது. தன்மேல் வைக்கப்படும் விமர்சனத்தைத் தானே காட்டிக்கொள்வது நேர்மையின் நகையாகவும் மாறிவிடலாம். 'விளிம்புநிலையினர் பேச முடியுமா' என்று காயத்ரி ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வியை இங்கே மேற்கோள் காட்டிப் பேசுகிறவர்கள், பேச்சு நம் காதுக்கு வருவதற்கு முன் எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்பதை அதிகம் யோசிப்பதில்லை. எடிட்டிங் மேசையும் ஒரு அதிகார பீடம்தான். 'குரலற்றவர்களின் குரல்' என்று போஸ்டர் அடிக்கிறோமே, அந்தப் பெண் குரலற்றவரா? தொண்டை கிழியக் கத்துகிறார். அவருடைய சத்தத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது நாம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு ஷாட்டில் வர முடியாது. எத்தனையோ வருஷம் கழித்து இன்னொரு படத்தில் வரலாம். 'பம்பாய்: நம் நகரம்' படத்தில் பாடிய விலாஸ் கோக்ரே ஒரு தலித் பாடகர், இடதுசாரிக் கலைக்குழுவில் பாடியவர். 1997 ஜூலை 11 காலை, காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. ஜனங்கள் திரண்டார்கள். ரிசர்வ் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். சில நாட்களில் கோக்ரே தூக்கில் தொங்கினார். தலையில் நீலத் துணி கட்டியிருந்தார். சிவப்பில் இருந்தவர் ஏன் நீலத்தைக் கட்டிக்கொண்டு செத்தார்? அவர் சார்ந்திருந்த குழு அவரை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தது. இந்த முடிச்சிலிருந்து தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் எடுத்த படம்தான் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011). தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் படம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். சாதியை 'மேற்கட்டுமானம்' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்ட தோழர்களும் சரி, வர்க்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்களும் சரி, உட்கார்ந்து பார்க்கவேண்டிய மூன்று மணி நேரம் அது.

2012 ஜனவரியில் இந்தப் படத்தைப் பம்பாய் பைகுல்லாவில் உள்ள பி.ஐ.டி. சாலில்தான் முதலில் பொதுவில் திரையிட்டார்கள். ஆவணப்படத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம். படத்தில் வருகிறவர், கூனிக் குறுகாமல் நம்மோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க முடியுமா?

3

தீபா தன்ராஜின் 'சம்திங் லைக் எ வார்' (1991) அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. ஒரு கருத்தடை முகாம். லேப்ராஸ்கோப் கருவியோடு டாக்டர், எவ்வளவு வேகமாக எத்தனை ஆபரேஷன் முடிப்பார் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறார். மேசையில் பெண்கள் வந்து வந்து போகிறார்கள். பேச்சு முழுக்க டாக்டரிடம். உடம்பு மட்டும் பெண்களிடம். இதோடு நிறுத்தியிருந்தால் இது இன்னொரு 'அதிர்ச்சிப் படம்'. நாமும் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்திருப்போம். ஆனால் படம் வேறொரு இடத்துக்கும் போகிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பெண்ணுடம்பை வரைகிறார்கள். வரைந்துகொண்டே இச்சை, மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, மலடி என்ற ஏச்சு எல்லாவற்றையும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். மேசைமேல் உறுப்பாகச் சுருக்கப்பட்ட உடம்பு அந்த வட்டத்துக்குள் திரும்பவும் ஆளாகிறது. பெண்ணுடல் பற்றித் தமிழில் நாம் எழுதிக் குவித்த கட்டுரைகள் பலவற்றைவிட இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்த வெட்டு எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1996இல் மத்திய அரசு இலக்கு வைப்பதைக் கைவிட்டதாக அறிவித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 1991இல் அந்த டாக்டர் காட்டிய பெருமிதத்தின் தொடர்ச்சி இது.

'ராம் கே நாம்' (1992) பலரும் அறிந்த படம். 1990 ரத யாத்திரையையும் அக்டோபர் 30 கரசேவையையும் பின்தொடர்ந்து போகிறது. பாப்ரி மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6க்கு முன்பே முடிந்துவிட்ட படம். தணிக்கைத் துறை 'யு' சான்றிதழ் கொடுத்தது, தேசிய விருதும் கிடைத்தது. தூர்தர்ஷன் மட்டும் காட்ட மறுத்தது. கோர்ட்டுக்குப் போன பிறகுதான் ஒளிபரப்பானது. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் ஒரு உணவகத்தில் இதைத் திரையிட்டதற்காக மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது. ஒரு படத்துக்கு வயதாகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

இதில் நான் பார்க்கச் சொல்வது பூசாரி லால்தாஸை. கோர்ட் நியமித்த பூசாரி. சர்ச்சைக்குரிய அந்த இடத்திலேயே பூஜை செய்துவந்தவர். கோயில் கட்டுவதாகக் கிளம்பியிருப்பவர்களுக்குப் பக்தி கிடையாது, இது ஓட்டுக்கும் பணத்துக்குமான விளையாட்டு என்று ஒரு பதற்றமும் இல்லாமல் சொல்கிறார். மதச்சார்பின்மை பற்றி நகரத்து அறிவுஜீவி சொல்லும் சொற்கள் எதுவும் அவர் வாயில் இல்லை. ராமனை நம்புகிறவரின் மொழியிலேயே பேசுகிறார். இந்துத்துவத்தை எதிர்க்கப் பகுத்தறிவு ஒன்றுதான் ஆயுதம் என்று பழகிப்போன நமக்கு, இங்கே பெரியாரிலிருந்து தொடங்கி வந்திருக்கும் நமக்கு, இது கொஞ்சம் சங்கடமான இடம். சங்கடப்பட வேண்டும். நம்பிக்கைக்குள்ளிருந்து வரும் எதிர்ப்பை எந்தக் கணக்கில் எழுதப்போகிறோம்?

லால்தாஸ் 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் பேசியதற்காகத்தான் கொன்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆவணப்படத்தில் ஆபத்து எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை இந்த மரணம் நினைவூட்டுகிறது. எடுத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பேசியவர் அதே ஊரில், அதே தெருவில் இருந்தாக வேண்டும்.

4

இனி நம் பக்கம். 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. ஆற்றில் தவறி விழுந்து மூழ்கினார்கள் என்பது அதிகாரத்தின் கதையாடல். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்தக் கதையாடலுக்கு எதிராக, அன்று பதிவான காட்சிகளையும் உயிர் பிழைத்தவர்களின் சொற்களையும் கொண்டுவந்து வைக்கிறது. தண்ணீருக்குள் தத்தளிப்பவர்களைக் கரையில் நின்று லத்தியால் அடிக்கிறார்கள். இதைப் பார்த்தவர்களுக்குத் தாமிரபரணி பழைய தாமிரபரணியாக இருக்காது.

ரமாபாய் நகருக்கும் தாமிரபரணிக்கும் இடையே இரண்டே வருஷம். இரண்டிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இரண்டிலும் வீடியோ இருந்தது. ரமாபாய் நகரில், கேஸ் டேங்கர்களைக் கொளுத்தப் போனார்கள், அதனால் சுட்டோம் என்று போலீஸ் சொன்னதற்கும் அவர்கள் காட்டியது ஒரு வீடியோதான். 'ஜெய் பீம் காம்ரேட்' அந்த வீடியோவையே எடுத்து, டேங்கர் நின்ற இடம் எது, குண்டு பாய்ந்த இடம் எது என்று கேட்டு அந்தக் கதையை உடைக்கிறது. பிம்பம் தானாகவே உண்மை பேசும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ் அடித்ததை 1991இல் ஒருவர் தன் வீட்டிலிருந்து வீடியோ எடுத்தார், உலகமே பார்த்தது. அடுத்த வருஷம் அதே வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திக் காட்டித்தான் போலீஸ் தரப்பு வக்கீல்கள் விடுதலை வாங்கிக்கொடுத்தார்கள். ஆக, 'ஆதாரம் இருக்கு, நியாயம் கிடைச்சிரும்' என்பது ஒரு நம்பிக்கை மட்டும்தான். ஆதாரத்தை யார் வாசிக்கிறார்கள், எந்த இடத்தில் நின்று வாசிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நதியின் மரணம்' படத்தின் பெறுமதி கோர்ட்டில் என்ன ஆனது என்பதில் இல்லை. அந்த 17 சாவுகளைப் பற்றி நாம் எந்த வாக்கியத்தில் பேசுகிறோம் என்பதை அது மாற்றியிருக்கிறது.

கடைசியாக மலம் பற்றிய இரண்டு படங்கள். அமுதனின் 'பீ' (2003), திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). நடுவே பதினான்கு வருஷம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் ஒன்று வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. இரண்டு சட்டத்துக்குப் பிறகும் எடுக்க விஷயம் மிச்சமிருந்தது என்பதே நாட்டின் லட்சணம்.

'பீ' அரை மணி நேரம்கூட ஓடாது. மதுரையில் ஒரு தெரு, அதைச் சுத்தம் செய்யும் ஒரு பெண். அவர் பின்னாலேயே கேமரா போகிறது. வேலை செய்துகொண்டே தன் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார். மேலே குரல் எதுவும் இல்லை, புள்ளிவிவரம் இல்லை. 'கக்கூஸ்' நேரெதிர். ஊர் ஊராகப் போகிறது, பேட்டிமேல் பேட்டி, சாவுமேல் சாவு. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் விடாமல் அடிக்கிறது. 'ஒரே இரைச்சல், கலையாக இல்லை' என்று நம் இலக்கிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இரைச்சலுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. ஒரு தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்று இரக்கப்பட்டு ஒதுங்கிவிடலாம். ஊர் மாறி ஊர் மாறி அதே சாதி, அதே வேலை, அதே அதிகாரியின் அதே மறுப்பு என்று வரும்போது இரக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. அது ஒரு அமைப்பு என்பது தெரிகிறது. அதனால்தான் 'கக்கூஸ்' திரையிடல்களைப் போலீஸ் தடுத்தது. இயக்குநர் படத்தை யூடியூபில் போட்டார். அந்த ஜூலையிலேயே 2009ஆம் ஆண்டின் பழைய வழக்கு ஒன்றில் கைது செய்யப்பட்டார். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செத்த உடம்புகளையும் அழுகிற முகங்களையும் அடுக்கும்போது, அந்த முகங்களுக்குக் கேமராவைத் திட்டும் அவகாசம் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. 'பீ'யின் பெண்ணுக்கு அது இருந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான்.

5

படம் கிடைப்பது இன்று பெரிய கஷ்டமில்லை. 2004இல் ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்', 2002 குஜராத் படுகொலை பற்றியது, தணிக்கையில் மறுக்கப்பட்டபோது, ஒரு சி.டி. வாங்குகிறவர்கள் அதைப் பிரதி எடுத்து மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று இயக்குநரே சொல்லிப் பரப்பினார். அதே வருஷம் பம்பாய் சர்வதேச ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்டதை எதிர்த்து, 'விகல்ப்' என்று தனி விழாவே நடத்தினார்கள். அந்த ஓட்டமெல்லாம் வேண்டாம், இப்போது கைபேசியில் விரலால் தள்ளினால் படம் வருகிறது. வருகிறது, ஆனால் தனியாகப் பார்க்கிறோம், பாதியில் நிறுத்துகிறோம், ஒரு துண்டை வெட்டி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று படுத்துக்கொள்கிறோம். பீடி குடிக்க வெளியே போனவர்களாவது கூட்டமாகப் போனார்கள்.

இதைப் படிக்கிற தோழர்கள் பலர் திரையிடல் நடத்துகிறவர்கள். உங்களுக்குச் சில வார்த்தை. ஒரே நாளில் நாலு படம் போடாதீர்கள், ஒரு படம் போதும். படத்துக்கு முன் அரை மணி நேரம் 'சிறப்புரை' வேண்டாம். முடிந்ததும் மைக்கைப் பிடித்து, 'இப்படம் நமக்கு உணர்த்துவது என்னவென்றால்' என்று ஆரம்பிக்கிறோமே, பிலிம்ஸ் டிவிஷன் குரல் அதே நிமிஷம் அறைக்குள் வந்துவிடுகிறது. 'கக்கூஸ்' போடுவதாக இருந்தால் அதைப் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் போடாமல் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலும் போடுங்கள். அவர்கள் முதலில் பேசட்டும். படத்தைத் திட்டினால் திட்டட்டும், 'இத எடுத்து என்னத்தக் கிழிச்சீங்க' என்று கேட்டால் கேட்கட்டும். இடையில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தப் படம் போடுவது என்பதை அங்கிருந்து முடிவு செய்யலாம்.